தும்பைக்கு நகம் வெட்டிய கதை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அஞ்சி நடுங்கும் ஒரு நாய்க்கு நகம் வெட்டுவது எப்படி என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் சொன்ன தலைமையாசிரியருக்குப் பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுக் கேளுங்கள். அச்சத்தைப் போக்கும் வழி இன்னதென்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தேன். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அதை நான் உண்மையில் கற்றுக்கொண்டது பணி ஓய்வு பெற்ற பிறகு, என் வீட்டு முற்றத்தில், ஒரு நாயினிடத்தில்.

நான் வாழ்வது ஸ்ரீவில்லிபுத்தூரில். நாய் வந்தது இராஜபாளையத்திலிருந்து. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம். இரண்டுக்கும் மேற்கே ஒரே மலைத்தொடர் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். இராஜபாளையம் என்றால் நூற்பாலைகளும் மாம்பழமும் நினைவுக்கு வரும். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நினைவுக்கு வரும். இவற்றோடு நாயும் நினைவுக்கு வரும். ஓர் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு உலகெங்கும் அறியப்படும் நாயினம் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன? 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, அந்நான்கில் ஒன்றாக இராஜபாளையம் நாயும் இடம்பெற்றது.

பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், இவையே அதன் அடையாளங்கள். நின்றால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். வேட்டைக்கும் வயற்காவலுக்கும் தோட்டக்காவலுக்கும் பெயர் போனது. வீட்டாரிடம் உயிரை வைக்கும். அயலாரை எளிதில் அண்டவிடாது. அத்தகைய இனத்தில் பிறந்த ஒரு பெண் குட்டியை, நான் ஓய்வு பெற்ற பின்னர் உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். தும்பைப்பூவைப் போல் வெளுத்திருந்ததால் அதற்குத் தும்பை என்று பெயரிட்டோம்.

தும்பை நன்றாக வளர்ந்தாள். ஒரு குறைதான் எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் வரமாட்டாள். என்னைக் கண்டால் ஓடி வருவாள். முதுகு காட்டி நிற்கையில் ஆயிரம் முறை அழைத்தாலும் திரும்பமாட்டாள். "பிடிவாதக்காரி" என்று நான் சொல்லிக்கொண்டேன். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பணியாற்றிய நாட்களில் பல பிள்ளைகளுக்கும் இதே பட்டத்தைத் தாராளமாக வழங்கியிருக்கிறேன்.

இனி நகத்தின் செய்திக்கு வருவோம். நம் மேற்கு மலைக்காடுகள் 2021-ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன அல்லவா? அங்குள்ள புலி தன் நகங்களை உறைக்குள் வாளைப்போல் உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டுப் பூனைக்கும் அந்த ஆற்றல் உண்டு. நாய்க்கு அது இல்லை. நாயின் நகம் எப்போதும் வெளியே நீண்டு தரையில் உராய்ந்துகொண்டே இருக்கும். கரட்டு நிலத்திலும் தார்ச்சாலையிலும் ஓடித் திரியும் நாய்க்கு நகம் தானே தேய்ந்துபோகும். வழவழப்பான தரை போட்ட வீட்டில் அடைபட்டு வாழும் நாய்க்குத் தேய்வதற்கு வழியில்லை. நகம் நீண்டால் அது தரையை முட்டி விரலை மேல்நோக்கித் தள்ளும். நாய் பாதத்தைச் சரியாக ஊன்ற இயலாமல் கோணலாக நடக்கும். நாளடைவில் மூட்டுகள் வருந்தும்.

பெரும்பாலான நாய்களுக்கு முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நான்கு நான்குமாகப் பதினெட்டு நகங்கள் உண்டு. முன்காலின் ஐந்தாவது நகம், நம் கட்டைவிரலைப்போல், உட்புறத்தில் சற்று உயரத்தில் இருக்கும். நிற்கும்போது அது தரையைத் தொடுவதே இல்லை. ஆதலின் அது மற்றவைபோல் தேயாமல், கொக்கிபோல் வளைந்து வளர்ந்து, தன் சதைக்குள்ளேயே குத்திக்கொள்வதும் உண்டு.

வெட்டிவிடுவதில் என்ன தொல்லை என்று கேட்பீர்கள். நம் நகத்தின் நுனியை வெட்டினால் நமக்கு வலிப்பதில்லை. நாயின் நகம் அமைந்த விதம் வேறு. மேலே கடினமான ஓடு. உள்ளே உயிருள்ள சதை. அச்சதைக்குள் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நகக்கண் என்று நாம் சொல்லும் அந்தப் பகுதியில் வெட்டு விழுந்தால் இரத்தம் பெருகும். வலி தாங்க முடியாது. வெளிறிய நகமுள்ள நாய்க்கு அச்சதை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுத்த நகமுள்ள நாய்க்கு அது தெரியாது. தும்பையின் நகங்கள் வெளிறியவை. பார்த்து வெட்டியிருந்தால் அவளுக்குத் துன்பம் நேர்ந்திராது. நான் பார்த்து வெட்டவில்லை.

அவளுக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. கூடத்தில் நடந்தால் டக், டக் என்று நகம் தரையில் தட்டும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தாள். என் மருமகன் பின்புறமாகச் சென்று கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் முன்காலைப் பற்றினேன். அவள் திமிறினாள். "இரண்டு நிமிட வேலை, பிடித்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை" என்று சொல்லி அவசர அவசரமாக வெட்டினேன். முதல் நகம் சரியாக வந்தது. இரண்டாவதில் நகவெட்டி ஆழமாக இறங்கிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. திண்ணையெல்லாம் இரத்தத் துளிகள். உதறிக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்தவள் இரவு வரை வெளியே வரவில்லை.

அன்று முதல் நகவெட்டியைக் கண்டால் ஓட்டம். நான் காலைத் தொட்டால் ஓட்டம். அந்தத் திண்ணைப் பக்கமே வருவதில்லை. இரண்டு வாரம் கழித்து மீண்டும் முயன்றேன். உறங்கும்போது பற்றினேன். இம்முறை அவள் ஓடவில்லை. என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். காயம் பெரிதன்று. எனினும் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொண்டேன். மாணவர்களே, வீட்டு நாயாயினும், ஊசி போட்ட நாயாயினும், கடித்தால் இதை ஒருபோதும் தவறவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிய பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பது எளிது.

வீடு திரும்பியதும் எனக்குக் கோபம் மூண்டது. "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியைச் சொல்லியே நான் பல ஆண்டு வகுப்பு நடத்தியவன். பழைய பிரம்பு ஒன்று பரண்மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பிரம்பை ஓங்கினேன். அவள் ஓடவில்லை, குரைக்கவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டாள். வாலை வயிற்றுக்கடியில் மடக்கினாள். உடம்பெல்லாம் நடுங்க, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. ஏனெனில் அந்தக் காட்சியை நான் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறேன். நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கரும்பலகையில் வகுத்தல் கணக்கைச் செய்யச் சொன்னால் வாய் திறவாமல் நிற்பான். நாள்தோறும் நிற்பான், நாள்தோறும் அடி வாங்குவான். ஒருநாள் நான் பிரம்பை எடுத்த உடனே, கை நீட்டுமுன், அவனுடைய அரைக்கால் சட்டை நனைந்தது. வகுப்பு சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அவன் ஏன் விடை சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிடிவாதம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் தும்பையைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இளவயதுப் பெண்மணி. நான் முறையிட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, கடித்தது இருக்கட்டும். கூப்பிட்டால் இது திரும்பிப் பார்க்குமா?" என்று வினவினார்.

"பிடிவாதம், அம்மா. மனம் வந்தால்தான் திரும்பும்" என்றேன்.

அவர் தும்பையின் கண்ணில் படாமல் பின்னால் தள்ளி நின்று, எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். நான் திடுக்கிட்டேன். தும்பையின் செவி மடல்கூட அசையவில்லை. மற்றொரு பக்கமிருந்தும் தட்டினார். அசைவில்லை. "ஐயா, இது பிடிவாதம் அன்று. இதற்குக் காது கேட்கவில்லை" என்றார்.

பிறகு அவர் விளக்கியதைச் சொல்லுகிறேன். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகின்ற நிறமி உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய உயிரணுக்கள் வாழ்வதற்கு அவை துணை செய்கின்றன. உடல் முழுதும் வெண்மையாகப் பிறக்கும் சில நாய்களில் உள்காதிலும் அந்த நிறமி அணுக்கள் இல்லாமற் போகின்றன. அப்போது குட்டி பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கேட்கும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. வெள்ளை நாய்கள் எல்லாம் செவிடு என்று இதற்குப் பொருளன்று. ஆனால் இராஜபாளையம் நாய்களிலும், வெண்மை மிகுந்த டால்மேஷன் போன்ற வேற்றுநாட்டு இனங்களிலும் இக்குறை காணப்படுவதுண்டு. சில குட்டிகளுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. வளர்ப்போர் இதை அறியாமலே இருப்பது இயல்பு. கண்ணால் கண்டும், காலடி அதிர்வை உணர்ந்தும், காற்றை மோந்தும் நாய் சமாளித்துக்கொள்ளும்.

உண்மை அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஓசையும் எட்டாத ஆழ்ந்த உறக்கத்தில் ஓர் உயிர் கிடக்கிறது. முன்னறிவிப்பின்றி இருவர் அதன்மேல் பாய்கிறார்கள். ஒருவர் கழுத்தை நெரிக்கிறார். ஒருவர் காலில் இரும்பை வைத்து வலியுண்டாக்குகிறார். அது நம்மைக் கடிக்காமல் வேறு என்ன செய்யும்?

ஒரு முன்காலின் ஐந்தாம் நகம் வளைந்து சதையைத் தொடும் நிலையில் இருந்தது. அதற்குத் தாமதம் கூடாது என்று மருத்துவர் மயக்கமூட்டும் ஊசி போட்டு, அதை மட்டும் அன்றே வெட்டிவிட்டார். "மற்ற நகங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அவசரப்படாமல் பழக்குங்கள், ஐயா. உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் வாத்தியார் அல்லவா?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, மரியாதையாகவே சொன்னார். எனக்குத்தான் குத்தியது.

வீட்டுக்கு வந்து, பயிற்சிக் கல்லூரியில் படித்த உளநூற் பாடங்களை நினைவுக்குக் கொண்டுவந்தேன். ருஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவ் 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். உணவைக் கண்டு வாயூறும் நாய், உணவு வருமுன் வழக்கமாகத் தோன்றும் வேறோர் அடையாளத்தைக் கண்டும் வாயூறும் என்று அவர் காட்டினார். அமெரிக்காவில் வாட்சன் என்பவரும் அவருடைய துணைவராகிய ரேனரும் 1920-இல் ஒரு வயது நிரம்பாத குழந்தையிடம் ஒரு சோதனை செய்தனர். குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டை ஓங்கி அடித்தனர். சில முறைக்குள் குழந்தை எலியைக் கண்டாலே அழத் தொடங்கிற்று. முயலைக் கண்டும் அஞ்சிற்று. இன்று அத்தகைய சோதனையை எவரும் அனுமதிக்கமாட்டார். அச்சத்தை ஊட்டுவது எவ்வளவு எளிது என்பதற்கு அது சான்று. நான் தும்பையிடம் செய்ததும் அதுவே.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் அதற்கு மறுதலையான வேலையைச் செய்து காட்டினார். பீட்டர் என்னும் சிறுவன் முயலைக் கண்டு நடுங்குவான். அவன் விரும்பிய தின்பண்டத்தை அவன் உண்ணும்போது, முயலைக் கூண்டில் வைத்து அறையின் மறுகோடியில் அம்மையார் கொண்டுவந்தார். அவன் அஞ்சாத தூரத்திலேயே நிறுத்தினார். பின்னர் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். தூரத்தைக் குறைப்பதில் அவசரப்பட்டால், முயல்மேல் உள்ள அச்சம் நீங்குவதற்கு மாறாக உணவின்மேலேயே அச்சம் படரக்கூடும் என்பதையும் அம்மையார் உணர்ந்திருந்தார். இவற்றையெல்லாம் நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். அதே ஆண்டுதான் பிரம்பையும் கையில் எடுத்தேன்.

இனித் தும்பையிடம் நான் கைக்கொண்ட முறையைச் சொல்லுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

முதலாவது, அவளுக்குத் தெரியாமல் அவளை எவரும் தொடக்கூடாது என்று வீட்டில் விதி செய்தோம். உறங்கினால் சற்றுத் தள்ளி நின்று தரையைக் காலால் தட்டுவோம். அதிர்வை உணர்ந்து விழித்துப் பார்த்த பின்னரே அருகில் செல்லுவோம். காது கேளாத நாய்க்கு "சபாஷ்" என்று சொல்லிப் பயனில்லை. ஆகையால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதை அடையாளமாக வைத்துக்கொண்டேன். விரல் உயர்ந்தால் உடனே உணவு வரும். இரண்டே நாளில் அவள் அதைப் படித்துக்கொண்டாள். வேகவைத்த கோழியிறைச்சியும் முட்டையும் சுண்டைக்காயளவு துண்டுகளாக நறுக்கி, வேறெப்போதும் தராமல், இந்தப் பாடவேளைக்கென்றே வைத்துக்கொண்டேன். என் பேரன் பால்கோவா கொடுக்கலாம் என்றான். இனிப்பு நாய்க்கு ஆகாது என்று தடுத்தேன். சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

இரண்டாவது, வரிசை. முதலில் தொடுதல், பிறகு உணவு. இதை மாற்றக்கூடாது. உணவைக் காட்டி மயக்கிவிட்டுக் காலைப் பற்றினால், உணவே வலைபோல் ஆகிவிடும்; உணவைக் கண்டாலே நாய் ஐயுறும். தோளைத் தொட்டேன், விரல் உயர்த்தினேன், உணவு தந்தேன். அவ்வளவே முதல் மூன்று நாள் பாடம். அடுத்து முழங்கால்; அடுத்து பாதம்; அடுத்து பாதத்தை ஒரு கணம் ஏந்துதல்; அடுத்து ஒரு விரலை மெல்ல அழுத்தி நகத்தை வெளிக்காட்டுதல். ஒரு நாளைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை. வெட்டு விழுந்த திண்ணையை விட்டு, வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து அங்கே இருத்தினேன்.

மூன்றாவது, நாயின் மறுப்புக்கு மதிப்புக் கொடுத்தல். அவள் காலை இழுத்துக்கொண்டால் நான் விட்டுவிடுவேன். பற்றிக்கொண்டு போராடமாட்டேன். இழுத்தால் விடுதலை உண்டு என்று தெரிந்த பின்னர் அவள் இழுப்பதே குறைந்துபோயிற்று. இதைக் கண்டு நான் வியந்தேன். நாய் வாயால் பேசாதே ஒழிய உடலால் பேசும். உதட்டை நக்குதல், உறக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், செவியைப் பின்னே மடித்தல், வாலைத் தாழ்த்துதல், திடீரென உடல் விறைத்தல், இவையெல்லாம் "போதும்" என்பதற்கு அறிகுறிகள். இவற்றைக் கவனியாதவனுக்குக் கடைசிச் சொல்லாகப் பல்லைக் காட்டும். "என் நாய் திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லுவோர் பலர். பெரும்பாலும் அது பலமுறை சொல்லியும் நாம் கேளாததால் கடித்திருக்கும். தும்பைக்குக் காது கேட்கவில்லை என்று இரங்கினேனே, உண்மையில் கேளாதவனாக இருந்தவன் நான்.

நான்காவது வாரத்தில் நகவெட்டியைக் கொண்டுவந்தேன். கையில் பிடிக்கவில்லை, பத்தடி தூரத்தில் தரையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், விரல் உயர்ந்தது, உணவு கிடைத்தது. நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்தேன். பிறகு கையில் எடுத்தேன். பிறகு அதன் முதுகால் பாதத்தைத் தொட்டேன். நகவெட்டியின் ஓசைக்கே அஞ்சும் நாய்கள் உண்டு. உங்கள் நாய்க்குக் காது கேட்குமாயின், அதன் அருகில் தென்னை ஈர்க்குகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் ஒருமுறை உணவு கொடுங்கள். அந்த ஓசையை உணவின் அறிவிப்பாகவே அது கொள்ளும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலை நன்றாக நடக்கிறது என்ற மகிழ்ச்சியில், ஒருநாள் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டினேன். பாதத்தைத் தொட மட்டுமே பழகிய நகவெட்டியை நகத்தில் மாட்டிவிட்டேன். வெட்டவுமில்லை, வலியுமில்லை. ஆயினும் அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் சாக்கை விரித்தபோது வரவே இல்லை. மீண்டும் தோளைத் தொடும் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஐந்து நிமிட அவசரத்துக்கு ஐந்து நாள் தண்டனை.

ஏழாவது வாரத்தில் முதல் நகத்தை வெட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு நகம். அதற்கு மேல் இல்லை. வெட்டும் விதம் இது: பாதத்தை இயல்பான நிலையில் ஏந்தி, வளைந்த நுனியில் அரிசிமணியளவு மட்டும் நறுக்க வேண்டும். வெளிறிய நகமாயின் இளஞ்சிவப்புப் பகுதிக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். கறுத்த நகமாயின் மெல்லிய சீவல்களாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் வட்டமாக வேறு நிறப் பொட்டு ஒன்று தோன்றினால், உயிர்ச்சதை அருகில் இருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். தவறி இரத்தம் வந்தால் பதறாதீர்கள். சோளமாவை நகத்தின் நுனியில் அழுத்தி வைத்து, தூய துணியால் சில நிமிடம் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நகவெட்டி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியது நகத்தை வெட்டாமல் நசுக்கும், நசுக்குவதே வலிக்கும். இன்னொரு செய்தியும் உண்டு. நகம் மிக நீண்டால் உள்ளிருக்கும் சதையும் அதனோடு நீளும். ஒரே நாளில் குட்டையாக்க முயன்றால் இரத்தந்தான் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக நறுக்கிவந்தால் சதையும் மெல்ல மெல்லப் பின்வாங்கும்.

வெட்டவே விடாத நாயாயின் அரத்தால் தேய்க்கப் பழக்கலாம். கரட்டுத் தரையில் நாள்தோறும் நடத்திச் சென்றாலே வேலையிற் பாதி குறையும். கடிக்கும் அளவுக்கு அச்சம் முற்றியிருந்தால், வீட்டில் முயலாமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வாய்மூடி அணியவும் உணவு கொடுத்தே பழக்கலாம். தேவையானால் அச்சம் தணிக்கும் மருந்தும் அவர் தருவார். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பதினோராவது வாரத்தின் முடிவில் பதினெட்டு நகங்களும் ஒழுங்காயின. கூடத்தில் டக், டக் ஓசை நின்றது. இப்பொழுது சாக்கை விரித்தால் தும்பை தானே வந்து படுத்து முன்காலை நீட்டுகிறாள். ஆனால், முதன்முதலில் வெட்டுப்பட்டதே, அந்த ஒரு விரலை மட்டும் நான் தொடும்போது இன்றைக்கும் ஒரு கணம் விறைக்கிறாள். நான் நிறுத்திக் காத்திருக்கிறேன், பிறகு விடுகிறாள். அச்சம் அழிந்துபோவதில்லை போலும். அதன்மேல் நம்பிக்கை என்னும் மண்ணை நாம் நாள்தோறும் போட்டு மூடுகிறோம். அடியில் அது கிடக்கத்தான் செய்கிறது. ஒருமுறை அடங்கிய பழக்கம் சில காலம் கழித்துத் தானே மீண்டும் தலைகாட்டும் என்பதைப் பாவ்லோவும் தம் நாய்களிடத்தில் கண்டார்.

அந்த ஆறாம் வகுப்புச் சிறுவனைப் பற்றி ஒரு சொல். சென்ற ஆண்டு இராஜபாளையத்தில், நாய்க்கு மருந்து வாங்கச் சென்ற இடத்தில், அவனைக் கண்டேன். ஐம்பதை எட்டும் வயது. சொந்தமாகச் சிற்றுந்து ஓட்டுகிறார். "சார், வணக்கம்" என்று அவர்தாம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் அவரிடம், "தம்பி, அன்றைக்கு வகுப்பில் உனக்கு நான் செய்தது தவறு. மன்னித்துக்கொள்" என்றேன். "அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன், சார்" என்று சிரித்தார். பெருந்தன்மையுள்ள மனிதர். பதினோரு வாரம் ஊட்டி வளர்த்தும் தும்பை மறக்கவில்லையே, இவர் எப்படி மறந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே பேருந்து ஏறினேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையும் மன வதையும் கூடாதென்று தடை செய்தது. நல்ல சட்டம். ஆனால் பிரம்பைக் கீழே போடுவது பாதி வேலைதான். அஞ்சி நிற்பவனிடம் "உனக்கு என்ன தொல்லை?" என்று கேட்பது மறுபாதி. தும்பைக்குக் காது கேட்கவில்லை என்பதை ஒரு தட்டும் கரண்டியும் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டன. அந்த ஒரு நிமிடத்தை நான் இரண்டு ஆண்டு செலவிடவில்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டில் நாய் இருக்கலாம். அல்லது இருளுக்கு அஞ்சும் தம்பியோ, கணக்குக்கு அஞ்சும் தங்கையோ, ஊசிக்கு அஞ்சும் பாட்டியோ இருக்கலாம். நாளை உங்களுள் பலர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் செவிலியராகவும் வருவீர்கள். அஞ்சுகின்றவரை நெருங்கும்போது, முன்னால் வந்து தெரியும்படி நில்லுங்கள். அவர் அஞ்சாத தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்.

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று நம் பெரியோர் சொல்லுவர். நான் பணியில் இருந்தவரை அந்த அடியைப் பிரம்படி என்றே பொருள் கொண்டிருந்தேன். அது காலடி என்று தும்பை எனக்குத் தெளிவுறுத்தினாள்.